இல்லத்திற் குத்திய அரிசி

சென்ற திங்கள் நம் சங்கப் பொதுக்கூட்டம் முடிந்து யாவரும் பந்தியில் அமர்ந்தபொழுது, இலையிலிட்ட சோற்றைக் கண்டு பெரியவர் ஒருவர் முகஞ்சுளித்தார். "விருந்தினர் வந்திருக்கின்ற இடத்திற் புழுங்கலரிசிச் சோறா? நாலுபேர் நம்மைப்பற்றி என்ன நினைப்பார்கள்?" என்றார். பரிமாறிய இளைஞர் விடையறியாது நின்றார். அருகிலிருந்த மற்றொருவர் எம் பக்கந் திரும்பி, "ஐயா, தாங்கள் தமிழ் படித்தவர், நம் முன்னோர் உண்டது எந்த அரிசி? தாங்களே சொல்லுங்கள்" என்றார். பந்தியில் இருந்துகொண்டு கூறத்தக்க விடையன்று அது. ஆதலின் இவ்விதழிற் கூற முன்வந்தோம். வினா சிறிது, ஆயினும் அதன் பின்னே சென்றால் சோழர் கல்வெட்டு, சாவகத் தீவிலே ஒரு கோழிக்கூடு, மலாய் நாட்டுத் தோட்டங்கள், குன்னூர் மலையிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையம் ஆகிய இத்தனை இடங்களுக்கும் செல்லவேண்டியிருக்கின்றது. அன்பர்கள் பொறுமையுடன் உடன்வருவார்களாக.

நெல் அரிசியாவதற்கு வழிகள் இரண்டு. நெல்லை வெயிலில் உலர்த்தி அப்படியே குத்தினால் வருவது பச்சரிசி. ஊறவைத்து, அவித்து, உலர்த்திப் பின் குத்தினால் வருவது புழுங்கலரிசி. பின்னதில் வேலை மிகுதி. எம் இளமையிற் பாட்டியார் இல்லத்தில் அவ்வேலை நிகழக் கண்டிருக்கின்றோம். மாலையில் அண்டாவில் நீரைக் காயவைத்து நெல்லைக் கொட்டி இரவெல்லாம் ஊறவிடுவர். சில வீடுகளிற் பச்சைத் தண்ணீரிலேயே இரண்டு மூன்று நாள் ஊறுவதும் உண்டு. விடியுமுன் ஊறல் நீரை வடித்துவிட்டு, அடியிற் சிறிதளவு நீர் மாத்திரம் நிற்க, மூடியிட்டு எரிப்பர். ஆவி மேலெழுந்து நெல்லின் உமி வாய் பிளக்கும் தருணமே பதம். அதற்குமேல் ஒரு நாழிகை அடுப்பிலிருந்தாலும் அரிசி குழைந்து கெடும். இறக்கிய நெல்லைச் சாணமிட்டு மெழுகிய முற்றத்திற் பரப்பிக் காலாலே துழாவித் துழாவி உலர்த்துவர். எடுத்தவுடன் கடுவெயிலிற் போட்டால் அரிசி வெடித்து நொய்யாகிவிடும். நிழலும் வெயிலுமாக மாறிமாறி உலரவேண்டும். இடையிடையே ஒரு நெல்லை எடுத்து உரித்துப் பல்லிடைக் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில்" என்றோ "போதும், அள்ளுங்கள்" என்றோ பாட்டியார் கூறுவார். அப்பல்லைத் தவிர வேறு அளவுகருவி அவரிடம் இருந்ததில்லை.

அதன்பின் உரல். பூணிட்ட உலக்கையை இரு மகளிர் எதிரெதிர் நின்று மாற்றி மாற்றிப் போடுவர். முதற் குத்தில் உமி பெயரும். முறத்திலிட்டுப் புடைத்து உமியை நீக்கி, மறுபடியும் உரலிலிட்டுத் தீட்டினால் தவிடு பிரியும். எவ்வளவு தீட்டுவது என்பது குத்துபவள் கையிலுள்ளது. உமி அடுப்புக்கும், தவிடு மாட்டுக்கும், நொய் கஞ்சிக்கும் செல்லும். அரிசி களைந்த கழுநீர் தொழுவத்துத் தொட்டியைச் சேரும். சோறு வடித்த கஞ்சியை உப்பிட்டுக் குடிப்பர். மிஞ்சிய சோறு நீரூற்றப்பெற்று மறுநாட் பழையதாகும்.

இங்ஙனங் குத்திய அரிசிக்கு ஓர் இயல்பு உண்டு. பின்வருவனவற்றுக்கெல்லாம் அதுவே அடிப்படையாதலின் அன்பர்கள் அதனை நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம். அது நெடுநாள் இராது. அரிசியின்மேல் எஞ்சியிருக்கும் தவிட்டில் எண்ணெய் இருக்கின்றது, காற்றுப்பட்டுச் சில வாரங்களில் அது காறிப்போகும், வண்டும் விழும். ஆகையால் நம் இல்லங்களிற் குதிரிலும் பத்தாயத்திலும் இருந்தது நெல்லேயன்றி அரிசியன்று. உமி என்னும் கவசத்தோடு நெல் ஓராண்டும் கெடாது கிடக்கும்; உலைக்கு வேண்டுமளவு அவ்வப்போது குத்தி எடுத்துக்கொள்வர். காய்கறியிற் புதியது பழையது பார்க்கின்ற நாம், அரிசியிலும் அப்படி ஒன்று உண்டென்பதனை மறந்துவிட்டோம்.

குற்றுதல் தமிழ்நாட்டில் எத்துணைப் பழமையது என்பதற்குச் சான்று பல வேண்டுவதில்லை. குற்றும்போது மகளிர் பாடும் பாட்டுக்கு வள்ளைப்பாட்டு எனத் தனிப்பெயரே இருந்தது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அவ்வகைப் பாட்டு அமைந்துள்ளது. அடிகள் அங்கே குற்றச்செய்வது நெல்லன்று, முத்து. ஆயினும் பாட்டின் நடை உலக்கையின் நடையே. மணிவாசகப் பெருமான் அருளிய திருப்பொற்சுண்ணமும் சுண்ணம் இடிக்கும் மகளிர் பாட்டாகவே அமைந்ததாம். ஒரு தொழிலின் தாளம் இலக்கியத்துட் புகவேண்டுமாயின் அத்தொழில் வீடுதோறும் நிகழ்ந்திருத்தல் வேண்டும்.

சோழர் காலக் கல்வெட்டுக்களிற் கோயில் அமுதுபடிக்கு விட்ட நிவந்தங்களைக் காண்பவர், ஐந்துக்கு இரண்டு என்னும் கணக்கினையும் காண்பர். ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்பது இதன் பொருள். வீட்டிற் குத்தினால் ஏறக்குறைய நெல்லிற் பாதியளவு அரிசி காணும். அதனினும் குறைத்துக் கணக்கிட்டமையால், இறைவனுக்குரிய அரிசியை மிகவும் தீட்டி நொய்யும் முரிவும் நீக்கி எடுத்தனர் எனக் கருத இடமுண்டு. வெண்மைக்கு ஏற்றம் கொடுத்தல் நேற்று வந்த வழக்கமன்று என்பதும் இதனாற் பெறப்படும்.

பந்தியில் எழுந்த வினாவின் வேர் இங்கேதான் இருக்கின்றது. நெல்லை ஒருமுறை அவித்தமையால் அது முன்னரே சமைத்த பொருள். ஆகவே படையலுக்கு ஆகாது என்பது நம்மவர் கொள்கை. பொங்கற்பானையிலும் மணவறை அட்சதையிலும் பச்சரிசியே இடம்பெறும். இது வழிபாட்டு முறை. அதிற் குறைகூற யாம் யார்? ஆனால் படையலுக்குரியது பெருமைக்குரியதாயிற்று. பெருமைக்குரியது நாடோறும் உண்பதற்குரியதாயிற்று. புழுங்கல் உழைப்பாளி உணவெனப் பெயர்பெற்றது. நாலு காசு சேர்ந்த குடும்பம் முதலில் மாற்றுவது வீட்டுக் கூரையை, அடுத்தது அரிசியை. நம் சமூகத்தாரும் இவ்வழியே வந்தவர்களாதலின் பெரியவர் முகஞ்சுளித்ததில் யாம் வியப்புறவில்லை.

பழங்காலத்தில் இப்பெருமையாற் பெருந்தீங்கு விளையவில்லை. எவ்வளவு தீட்டினும் உலக்கை உலக்கையே. முளையும் தவிட்டின் ஒரு பகுதியும் அரிசியில் ஒட்டி நிற்கும். தீங்கு ஆலையோடு வந்தது. 1869-ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் இரங்கூன் அரிசி கப்பல் கப்பலாகக் கடல் கடந்தது. அங்கே எழுந்த நீராவி ஆலைகள் நெல்லைக் குற்றியதோடு நில்லாமல் பளிங்குபோல் தீட்டவும் செய்தன. வாணிகர் வெண்மையை விரும்பியதற்கு அழகு மட்டுமே காரணமன்று. கடையரிசி மூட்டையில் மாதக்கணக்காகக் கிடக்க வேண்டும். கப்பலின் அடித்தளத்து வெப்பத்திலும் காறாதிருக்க வேண்டும். தவிடு முற்றும் நீங்கினாலன்றி அது கைகூடாது. இல்லத்துக்கு வேண்டுவது புதிதாகக் குத்தியது. அங்காடிக்கு வேண்டுவது நெடுநாள் கிடப்பது. இவ்விரண்டும் ஓர் அரிசியில் ஒருங்கே அமையா. நம் ஊர்களிலோ முதல் உலகப்போருக்குப்பின் எண்ணெய் எந்திரத்தால் ஓடும் சிறு ஆலைகள் பரவின. 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின் மின்சாரமும் துணைநின்றது.

இனி நோயின் கதை. பெரிபெரி என்னும் பெயர், 'இயலாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல் இரட்டித்து வந்தது என்பர். கால் மரத்து நடை தளரும். சிலர்க்கு உடல் வீங்கும். நெஞ்சு அடைத்து உயிர் போதலும் உண்டு. 1883-இல் சப்பான் நாட்டுக் கடற்படைக் கப்பலொன்று நெடும்பயணஞ் சென்று மீண்டபோது 376 பேரில் 169 பேர் இந்நோயுற்றிருந்தனர்; 25 பேர் இறந்தனர். தகாகி என்னும் மருத்துவர் மறுவாண்டு அதே வழியிற் சென்ற வேறொரு கப்பலில் உணவை மாற்றியமைத்து நோயைத் தடுத்தார். காரணத்தை மட்டும் அவர் சரியாக உணர்ந்திலர்.

காரணத்தின் வாயிலைத் திறந்தவை சாவகத்துக் கோழிகள். டச்சு மருத்துவர் ஐக்மன் என்பார் பத்தேவியா நகரத்து இராணுவ மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வுக்கூடத்திற் கோழிகளை வளர்த்து வந்தார். 1889-ஆம் ஆண்டில் அவை திடீரெனக் கால் தளர்ந்து விழலாயின. சின்னாட்களில் தாமே தேறின. வினவியபோது, மருத்துவமனைச் சமையற்காரன் நோயாளிகளுக்கு வடித்த வெள்ளையரிசிச் சோற்றின் மிச்சத்தைச் சில மாதம் கோழிகளுக்குப் போட்டுவந்தான் என்றும், அவனுக்குப்பின் வந்தவன் இராணுவத்தார் சோற்றை இராணுவத்தைச் சாராத கோழிகளுக்கு இடுவதற்கு மறுத்துவிட்டான் என்றும் தெரியவந்தது! ஒரு சமையற்காரனுடைய கண்டிப்பு உலக மருத்துவத்துக்குச் செய்த உதவி இஃது. ஐக்மன் முதலில் வெண்சோற்றில் நஞ்சுள்ளதென எண்ணினார். அவர் உடனாராய்ச்சியாளராகிய கிரின்ஸ் என்பவரே, நஞ்சு இருப்பதனாலன்று, தவிட்டிலுள்ள ஏதோ ஒன்று இல்லாமையால் நோய் வருகின்றதென 1901-இல் உணர்த்தினார். ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு பாதியாக அளிக்கப்பெற்றது.

இவ்வரலாற்றில் நம்மவர் வருமிடம் மலாய் நாடு. தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கும் இருப்புப்பாதை வேலைக்கும் கப்பலேறியவர் பல்லாயிரவர். ஈயச் சுரங்கங்களில் உழைத்தவர் பெரும்பாலும் சீனர். சீனர் பெரிபெரியால் கூட்டங் கூட்டமாக மாண்டனர். தமிழரிடத்து அந்நோய் மிக அரிது. இருவரும் உண்டது சோறே; இருவர் குடிசையும் ஒன்றினொன்று நன்றன்று. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன் என்பார் இதனை ஆராய்ந்து 1907-இல் பெரிய நூலொன்று வெளியிட்டார். சீனர் உண்டது ஆலையிற் றீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் எந்நாட்டிற்குச் சென்றாலும் விடாது கேட்டது புழுங்கலரிசி. மலாய்க் குடியானவரோ தம் நெல்லைத் தாமே உரலிற் குத்தி உண்டனர். அவரையும் நோய் அணுகவில்லை. வெள்ளையரிசியிற் பூஞ்சை நஞ்சு உண்டாகிறதென்று பிராடன் கருதினார். அக்கருத்துப் பிழையாயினும் அவர் கண்ட காட்சி மெய். கோலாலம்பூர்ப் பித்தர் மருத்துவமனையில் பிளெச்சர் என்னும் மருத்துவர் ஒரு பகுதியார்க்குச் சீயத்து வெள்ளையரிசியும் மற்றப் பகுதியார்க்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளையரிசி உண்டவருட் பலர் நோயுற்றனர். புழுங்கல் உண்டவரிடத்து நோய் புதிதாகத் தோன்றவில்லை. இது 1906-ஐ ஒட்டி நிகழ்ந்தது. பின்னர் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் சாவகத் தொழிலாளரைக்கொண்டு இதனையே உறுதிசெய்து, தீட்டும்போது கழியும் தவிட்டிலேதான் நோய் தடுக்கும் பொருள் உள்ளதெனக் காட்டினர்.

அக்கூலியாட்கள் கங்காணியின் கணக்கிலும் மலைக்காய்ச்சலிலும் பட்டபாடு பெரிது, மாண்டவரும் பலர். அவர் ஊரிலிருந்து கொண்டுசென்ற செல்வம் ஒன்றுமில்லை. தாயும் பாட்டியும் நெல்லை அவித்த பழக்கத்தால் நாவிற் படிந்த ஒரு சுவை மாத்திரம் இருந்தது. அச்சுவை அவர்களை ஒரு நோயினின்றும் காத்தது.

காத்த முறை யாது? நோய் தடுக்கும் அப்பொருளைச் சாவகத்திலேயே 1926-இல் படிகமாகப் பிரித்தெடுத்தனர். இன்று தையமின் அல்லது வைட்டமின் பி1 என்பர். நெல்லில் அது முளையிலும் தவிட்டுத் தோலிலுமே மிகுதியாக இருக்கின்றது. நெல் நீரில் ஊறி ஆவியில் வேகும்போது அப்பொருள் கரைந்து அரிசியின் உள்ளே ஊடுருவித் தங்கிவிடுகின்றது. அதன்பின் ஆலையிலிட்டுத் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் தையமின் 0.06 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலில் 0.21; கைக்குத்தற் பச்சரிசியிலும் 0.21, கைக்குத்தற் புழுங்கலில் 0.27. இவை இந்திய உணவுப்பொருள் அட்டவணையிற் கண்ட அளவுகள். அரிசி களையும்போது பச்சரிசியில் எஞ்சியதிலும் பெரும்பகுதி நீரோடு போகும்; புழுங்கலில் இழப்புக் குறைவு. இன்னும் மிஞ்சிக் கரைவது வடிகஞ்சியிற் சேரும்; அதனைக் குடித்த வீட்டார் அதனையும் இழந்திலர்.

நம் மாகாணத்திலேயே இதற்கு எதிர்க்காட்சி இருந்தது. பழைய சென்னை மாகாணத்து வடசர்க்கார் மாவட்டங்களில், அஃதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில், ஆலைப் பச்சரிசி உண்போரிடையே பெரிபெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கல் உண்ணும் தமிழ் மாவட்டங்களில் அது காணுதற்கரிதாயிற்று. குன்னூரில் ஆராய்ந்த மக்கரிசன் என்பார் நாரிஸ் என்பவருடன் சேர்ந்து 1924-இல் இதுபற்றி எழுதினார். அவருக்குப்பின் குன்னூர் உணவாராய்ச்சி நிலையத்தை 1935 முதற் பத்தாண்டு நடத்திய அய்க்ராய்டு என்பார், உடனுழைத்தவர்களோடு அப்பகுதியிற் குழந்தைகள் இறப்பதனை ஆராய்ந்தார். தாய்க்கு நோய் வெளிப்படத் தோன்றாது. எனினும் அவள் பாலிற் பி1 போதாது. இரண்டு முதல் ஐந்து திங்கட் பருவத்துக் குழவி ஒருநாள் திடீரென அழுது மூச்சடைத்து இறக்கும். வெள்ளைச்சோற்றின் கௌரவத்துக்குச் செலுத்திய விலையுள் இதுவும் ஒன்று. பெற்றவள் எதனைக் குற்றஞ் சொல்லியிருப்பாள்? கண்ணேறு என்றிருப்பாள், தன் இலையிலிருந்த சோற்றை நினைத்திருக்க மாட்டாள்.

இவ்வளவும் கூறிவிட்டு, ஆதலின் மகளிர் மீண்டும் உலக்கை எடுக்கவேண்டும் என்று எழுதுவார் சிலர் உண்டு. உலக்கை பிடித்தறியாத ஆடவர் எழுதும் எழுத்து அஃது. எம் பாட்டியாரின் உள்ளங்கையிற் காய்ப்பு இறக்குமட்டும் கரையவில்லை. பெரிய குடும்பத்துக்கு நாள்தோறும் குத்துவது கருவுற்றவளுக்கும் விலக்கில்லாத வேலையாயிருந்தது. எங்கள் ஊரில் ஆலை வந்தவுடன் பெண்கள் மகிழ்ந்தனர் என்றே கேட்டிருக்கின்றோம்; மகிழ்ந்தது முறையே. ஆனால் அதே ஆலை மற்றொரு சாரார் வாயில் மண்ணையிட்டது என்பதையும் மறைத்தலாகாது. கணவனையிழந்து நிலமும் இல்லாதவள், பிறர் வீட்டு நெல்லைக் குத்திக் கூலியாக அரிசியும் நொய்யும் பெற்றுப் பிள்ளைகளை வளர்த்தாள். அவள் பிழைப்பு ஆலையொலி கேட்ட ஆண்டே போயிற்று. நம் சமூகத்துப் பழைய குடும்பங்கள் சிலவற்றில் அவ்வாறு வளர்ந்து படித்து உயர்ந்தவர் உண்டு. அவர்கள் அதனைக் கூறிக்கொள்வதில்லை.

காந்தியடிகள் 1934-இன் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நிறுவியபோது, தீட்டாத அரிசியை முதன்மையான காரியங்களுள் ஒன்றாக வைத்தார். அதன் செயலாளரோ தஞ்சையிற் பிறந்த குமரப்பா. இருவரும் இரண்டு நோக்கையும் ஒருங்கே கொண்டனர்: உண்பவனுக்கு உடல்நலம், குத்துபவளுக்குக் கூலி. நாடு விடுதலைபெற்றபின் 1958-இல் அரிசியாலைகளை ஒழுங்குபடுத்தச் சட்டமொன்று வந்தது. கைக்குத்தலைக் காப்பதும் அதன் கருத்து. 1997-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதற்குள் காக்கவேண்டிய உரல்கள் கொல்லைப்புறத்திற் கவிழ்ந்து கிடந்தன. 2021-ஆம் ஆண்டிலோ, நியாயவிலை அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் செயற்கையாகக் கலப்பது என்னும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. இதன் நன்மை தீமையை மருத்துவர் கூறுக. அரிசியிலிருந்து முதலில் எடுத்துவிட்டுப் பின்னர் அதிற் சேர்க்கும் காலத்தில் வாழ்கின்றோம் என்ற அளவில் யாம் நிற்கின்றோம்.

பந்தியில் கேட்ட பெரியவருக்கு எம் விடை இதுவாகும். நம் முன்னோர் படையலில் வைத்தது பச்சரிசி. உண்டு உழைத்து உயிர்தரித்தது புழுங்கலரிசி. இன்று ஆலையில் அவித்துக் குத்திய புழுங்கலிலும் அந்நன்மையின் பெரும்பகுதி இருக்கின்றது. உலக்கை பிடிக்க வேண்டுவதில்லை. விருந்தினர் இலையில் அதனை இடுவதால் நம் சங்கத்துக்கு இழுக்கு நேருமென யாம் கருதவில்லை. நம் மாணவர் விடுதியில் வெள்ளைப் பச்சரிசிக்கு மாறவேண்டுமென்று நிருவாகக் குழுவின்முன் ஒரு விண்ணப்பம் இருப்பதாக அறிகின்றோம். முடிவு செய்யுமுன் குழுவினர் மேற்கண்ட நான்கு அளவுகளையும் ஒருமுறை பார்ப்பார்களாக.

ஒரு வேண்டுகோள் உண்டு. நெல் அவிக்கும் முறை ஊருக்கு ஊர், நெல்லுக்கு நெல் வேறுபட்டிருந்தது. எத்தனை இரவு ஊறல், ஒரு வேக்காடா இரண்டா, எந்த நெல்லுக்கு எவ்வளவு வெயில் என்பனவற்றைக் கையால் செய்து அறிந்த மூதாட்டியர் நம் குடும்பங்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். பிள்ளைகள் அவர்கள் வாய்மொழியைக் கேட்டு எழுதி, ஊர்ப்பெயருடன் சங்க முகவரிக்கு அனுப்பினால், பிழைதிருத்தி இவ்விதழில் வெளியிடப் பத்திராதிபர் இசைந்திருக்கின்றார். எம் பாட்டியார் முறையை முன்னமே எழுதிவிட்டோம். அவர் ஊறலில் ஒரு பிடி ஏதோ போடுவார், அஃது யாதென எமக்கு நினைவில்லை. அறிந்தவர் எழுதுக.